ஓசையும் இரைச்சலும்



நாம் வாழும் செம்பூர் மும்பை மாநகரின் கிழக்குப் பகுதியில் அமைந்தது. இங்கே ஒரு நாளின் பொழுதைக் கடிகாரம் பாராமல் காதாலேயே அளந்துவிடலாம். வைகறையில் துறைமுக இருப்புப்பாதையில் ஓடும் மின்சார ரயிலின் தடதடப்பு. சேடா நகர் முருகன் கோயிலின் மணியோசை. காலை எட்டு மணிக்கு மாடிக்கு மாடி எழும் பிரஷர் குக்கரின் விசில். பகலெல்லாம் கிழக்கு விரைவு நெடுஞ்சாலையில் ஓயாத வாகன முழக்கம். அந்திப்போதில் காய்கறி விற்போரின் கூவல். விநாயகர் சதுர்த்தி வந்துவிட்டால் திலக் நகர் வீதிகளில் தோலும் தாசாவும் எழுப்பும் பேரொலி. இவற்றுள் எது இனிய ஓசை, எது இரைச்சல் என்று கேட்டால், ஒரே மாடியில் குடியிருக்கும் இரு குடும்பத்தினர் ஒரே விடை கூறமாட்டார்கள்.

இவ்வேறுபாடு ஏன் நேர்கிறது? ஓசையின் வன்மை ஓசையிலேயே இருக்கிறதா, அன்றிக் கேட்பவரிடத்தில் இருக்கிறதா? இதனையே இன்று சிந்திக்க எடுத்துக்கொண்டோம். சுவருக்குச் சுவர் ஒட்டி வாழும் நம்மைப் போன்றோருக்கு இது பொழுதுபோக்கான வினாவன்று. அண்டை வீட்டாருடன் நமக்குள்ள உறவும், நம் குழந்தைகளின் செவிநலமும் இதற்கு நாம் காணும் விடையைப் பொறுத்தே அமைகின்றன.

முதலில் கருவி கூறும் அளவைக் காண்போம். ஒலியின் வன்மையை டெசிபல் என்னும் அலகால் அளக்கின்றனர். காதோடு காதாகப் பேசும் பேச்சு ஏறத்தாழ 30 டெசிபல். இருவர் இயல்பாக உரையாடுவது 60. வாகனங்கள் நெருங்கி ஓடும் சாலை 80. ஆனால் இவ்வலகு முழக்கோலைப் போன்றதன்று. முழக்கோலில் ஆறடி என்பது மூன்றடியின் இருமடங்கு. டெசிபல் கணக்கிலோ, 10 கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. 20 கூடினால் நூறு மடங்காகிறது. இவ்வாறு ஆற்றல் பத்து மடங்கு பெருகினாலும், நம் செவி அதனை ஏறத்தாழ இருமடங்கு என்றே உணர்கிறது. மிக நுண்ணிய ஒலி முதல் இடிமுழக்கம் வரை அனைத்தையும் ஏற்க வேண்டிய செவிக்கு, இயற்கை இப்படியொரு சிக்கனத்தை அளித்திருக்கிறது.

இச்சிக்கனத்தால் விளையும் ஒரு விந்தையை நாம் சாலைச் சந்திப்புகளில் நாள்தோறும் காண்கிறோம். சிவப்பு விளக்கில் நிற்கும் ஒரு வண்டி ஹாரன் அடிக்கிறது. அதே வன்மையுடன் பத்து வண்டிகள் சேர்ந்து அடித்தாலும் கேட்பவர் காதில் ஓசை இருமடங்காகவே படும். ஆகவே பதினோராவது வண்டிக்காரர், தம் ஹாரன் எவர் காதிலும் தனித்து விழவில்லை என்று எண்ணி, இன்னும் அழுத்துகிறார். அவர் சேர்த்ததும் எவருக்கும் தெரிவதில்லை. அவர் நிறுத்தினாலும் தெரியப்போவதில்லை. அதனால் நிறுத்துவதற்கு எவரும் முன்வருவதில்லை.

இதற்கு மும்பைப் போக்குவரத்துப் போலீசார் ஒரு புதுமையான வழியைக் கையாண்டு பார்த்தனர். 2019ஆம் ஆண்டின் இறுதியில், நகரின் சில சந்திப்புகளில் விளக்குக் கம்பங்களோடு ஒலியளவுக் கருவிகளை இணைத்தனர். ஹாரன் ஒலி 85 டெசிபலைத் தாண்டினால், சிவப்பு விளக்கின் காத்திருப்பு நேரம் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். 2020 ஜனவரியில் இதன் காட்சிப்படம் வெளியாகி, உலகெங்கும் பேசப்பட்டது. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஹாரனின் ஓசை எள்ளளவும் மாறவில்லை. அதன் பொருள்தான் மாறிற்று. முன்பு ‘விரைந்து செல்’ என்று பொருள்பட்ட அதே ஓசை, இப்போது ‘இன்னும் காத்திரு’ என்று பொருள்பட்டது. பொருள் மாறியதும், அதுவரை பொருட்படுத்தாதிருந்தவர்களின் காதிலும் அது உறுத்தத் தொடங்கிற்று.

ஆக, ஒலி எவ்வாறு உணரப்படும் என்பதைச் சூழ்நிலை வரையறுக்கிறது. அச்சூழ்நிலை எவ்வெவ்வாறு செயற்படுகிறது என்பதை ஒவ்வொன்றாகக் காண்போம்.

ஓர் ஒலியோடு உடன் எழும் பிற ஒலிகள் முதற் சூழ்நிலை. பகலில் குழாயில் நீர் சொட்டுவது நமக்குத் தெரிவதேயில்லை. நள்ளிரவில் அதே சொட்டு நம்மை உறங்கவிடாமல் அலைக்கழிக்கிறது. சொட்டின் வன்மை கூடவில்லை. அதனை மூடி மறைத்திருந்த பகலின் ஓசைகள் அடங்கிவிட்டன. ஓர் ஒலி மற்றோர் ஒலியை இவ்வாறு மூடுவதனை ஒலிநூலார் மறைப்பு என்பர். நம் முன்னோர் இவ்வுண்மையை நன்கறிந்து, திருமணச் சடங்கிலேயே அதற்கு இடமளித்தனர். தாலி கட்டும் வேளையில் ‘கெட்டிமேளம், கெட்டிமேளம்’ என்று பெரியவர்கள் குரல் கொடுக்க, தவிலும் நாகசுரமும் உச்சத்தில் முழங்குகின்றன. அந்நேரத்தில் தும்மலோ, அழுகையோ, அமங்கலச் சொல்லோ மணமக்கள் செவியில் விழலாகாது என்பதே அதற்குப் பெரியோர் கூறும் காரணம். ஓசையைக் கொண்டே ஓசையைத் துடைக்கும் உத்தி இது.

இம்மறைப்புக்கு மற்றொரு விளைவும் உண்டு. சுற்றிலும் ஓசை மிகுந்தால் நாம் அறியாமலே நம் குரலை உயர்த்துகிறோம். பிரெஞ்சு மருத்துவர் லோம்பார்டு 1911இல் இதனை விளக்கியதால், அவர் பெயராலேயே இது வழங்குகிறது. மிக்சி ஓடும்போது தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டுகிறோம்; மிக்சி நின்ற பின்னர் அதனைக் குறைக்க மறந்துவிடுகிறோம். தொலைக்காட்சியை மீறிப் பேச வீட்டார் குரலை உயர்த்துகின்றனர். அதனை மீறிப் பாடம் படிக்க, குழந்தை தன் குரலை உயர்த்துகிறது. அடுத்த வீட்டாரும் தம் தொலைக்காட்சியை உயர்த்துகின்றனர். எவரும் சண்டையிடவில்லை; ஆயினும் மாடி முழுதும் கூச்சலாகிவிடுகிறது.

கேட்பவர் தம் கவனத்தை எங்கே வைத்திருக்கிறார் என்பது அடுத்த சூழ்நிலை. அடுக்களையில் இல்லத்தரசி விருந்தினருடன் பேசிக்கொண்டேயிருப்பார். ஆயினும் தம் குக்கர் மூன்றாம் விசில் அடித்ததும் எழுந்து அடுப்பை அணைத்துவிடுவார். பக்கத்து வீட்டுக் குக்கரும் அதே குரலில்தான் விசில் அடிக்கிறது. அதனை அவர் எண்ணுவதில்லை. இங்கிலாந்தைச் சேர்ந்த காலின் செர்ரி என்னும் ஆய்வாளர் 1953இல் இதனைச் சோதித்தறிந்தார். இரு காதுகளுக்கும் இரு வேறு பேச்சுகளை ஒலிக்கச் செய்து, ஒன்றை மட்டும் கவனித்துத் திருப்பிச் சொல்லுமாறு பணித்தார். மற்றக் காதில் விழுந்த பேச்சு எம்மொழியில் இருந்தது என்பதைக்கூடக் கேட்டவர்களால் கூற இயலவில்லை. ஆனால் 1959இல் நெவில் மோரே என்பவர் நடத்திய சோதனையில், கவனிக்காத காதில் தம் பெயர் ஒலித்தபோது அதனைச் சிலர் உணர்ந்துகொண்டனர்.

இதனை மெய்ப்பிக்க நமக்கு ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை. மாலை நேரத்து ரயில் பெட்டியில் மராத்தியும் குஜராத்தியும் இந்தியும் கலந்து ஒரே இரைச்சலாக இருக்கும். பெட்டியின் மறுகோடியில் எவரோ ஒருவர் ‘வாங்க, இங்க இடம் இருக்கு’ என்று சொல்கிறார். அந்தச் சிறு குரல் மட்டும் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு நம் காதை வந்தடைகிறது. தில்லியிலும் கொல்கத்தாவிலும் புனேயிலும் வாழும் நேயர்கள் இவ்வனுபவத்தை நன்கறிவார்கள். அக்குரல் மற்றக் குரல்களைக் காட்டிலும் உரத்ததன்று. நம் செவி அதற்காகக் காத்திருந்தது, அவ்வளவே.

கேட்பவர் எம்மொழியில், எம்மரபில் வளர்ந்தவர் என்பது மூன்றாவது. ‘பம்பரம்’ என்று சொல்லும்போது, முதலில் வரும் பகரமும் இடையில் வரும் பகரமும் ஒன்றுபோல் ஒலிப்பதில்லை. ஆயினும் தமிழ்நாட்டில் வளர்ந்தோர்க்கு இரண்டும் ஒரே எழுத்தாகவே காதில் படுகின்றன. மும்பைப் பள்ளியில் மராத்தி கற்கும் நம் குழந்தைகளுக்கோ, அவை இரு வேறு எழுத்துகள். இனி, நாம் வேறுபடுத்திக் கேட்கும் லகரமும் ளகரமும் இந்தி மட்டும் பேசும் நண்பருக்கு ஒன்றாகவே ஒலிக்கின்றன. மராத்தியருக்கு அவ்விடர்ப்பாடு இல்லை, ஏனெனில் அவர்கள் மொழியிலும் ளகரம் உண்டு. வெர்க்கர், டீஸ் என்னும் இருவர் கனடாவில் நடத்தி 1984இல் வெளியிட்ட ஆய்வு இதன் மூலத்தைக் காட்டுகிறது. ஆங்கிலம் பேசும் வீட்டில் பிறந்த ஆறேழு மாதக் குழந்தைகள், இந்தியிலுள்ள தகர டகர வேறுபாட்டை எளிதில் கண்டுகொண்டன. ஓராண்டு நிறையும் தறுவாயில் பெரும்பாலான குழந்தைகளிடம் அத்திறன் மங்கிவிட்டது. வீட்டில் பயன்படாத வேறுபாட்டைச் செவி கைவிட்டுவிடுகிறது. நம் பிள்ளைகள் ழகரத்தை இழவாதிருக்க வேண்டுமானால், அவர்கள் தொட்டிலில் இருக்கும்போதே அது வீட்டில் ஒலிக்க வேண்டும்.

இசையிலும் இவ்விதியைக் காணலாம். 1962இல் தோன்றிய செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியின் அரங்கில் கச்சேரி கேட்டவர்களுக்குக் கிரகபேதம் என்பது புதிதன்று. பண்டைத் தமிழிசையார் பண்ணுப்பெயர்த்தல் என்று கூறிய முறையும் இவ்வகையினதே. மோகன இராகத்தின் அதே ஐந்து சுரங்களை வைத்துக்கொண்டு, ரிஷபத்தை ஆதார சட்ஜமாகக் கொண்டால் மத்தியமாவதி பிறக்கிறது. காந்தாரத்தைக் கொண்டால் இந்தோளம் பிறக்கிறது. சுரங்களில் யாதொன்றும் மாறவில்லை. எதனை நிலையாக வைத்துக் கேட்கிறோம் என்பது மாறியது. உடனே மகிழ்ச்சி தந்த இசை உருக்கம் தரும் இசையாகிவிடுகிறது.

ஓசைக்கு நம் ஊர் வழக்கம் தந்துள்ள பொருள் நான்காவது. தமிழ்நாட்டில் கோயிலுக்குள் ஒலிக்கும் சங்கு மங்கலமானது. தெருவில் சேகண்டியோடு சங்கு ஒலித்தாலோ, எவர் வீட்டில் துக்கம் என்று கேட்டுக்கொண்டு வெளியே வருவோம். வங்காளியர் வீடுகளில் பெண்கள் அந்தி விளக்கேற்றுகையில் சங்கு ஊதுவது நற்குறி, திருமணத்திலும் ஊதுவர். ஊரிலிருந்து வந்த பாட்டியாருக்கு அண்டை வீட்டு வங்காளியர் சங்கு நெஞ்சைத் திடுக்கிடச் செய்கிறது. அதனை ஊதும் அம்மையாருக்கோ, தம் வீட்டில் திருமகள் குடிபுகுகிறாள் என்னும் நிறைவு. ஒலியளவுக் கருவி இருவர்க்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். சுவரில் பல்லி ‘இச் இச்’ என்பதன் ஒலி எவ்வளவு? ஆயினும் பயணம் புறப்படும் வேளையில் அது வாயிற்படியில் நின்றவரைத் திரும்பி உட்காரச் செய்துவிடுகிறது. திலக் நகரை ஒட்டிய லோகமான்ய திலக் முனையத்தில் இரவில் ஒலிக்கும் எஞ்சினின் ஊதலும் அப்படியே. மதுரைக்கோ கோவைக்கோ பயணச்சீட்டு வாங்கி வைத்திருப்பவருக்கு அது ஊர் அழைக்கும் குரல். இரவு வேலை முடித்து அப்போதுதான் கண்ணயர்ந்தவருக்கு அது தொல்லை.

இவையனைத்தினும் முக்கியமான சூழ்நிலை ஒன்று எஞ்சியுள்ளது. ஓசையை நிறுத்தும் உரிமை நம் கையில் உள்ளதா, இல்லையா என்பதே அது. அமெரிக்காவில் டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்னும் இரு உளநூலார் நடத்திய ஆய்வுகள் 1972இல் நூலாக வெளிவந்தன. சோதனைக்கு வந்தவர்களை ஒழுங்கின்றித் திடீர் திடீரென எழும் கடும் இரைச்சலுக்கு ஆளாக்கினர். அவர்களுள் ஒரு சாராரிடம் மட்டும் ஒரு பொத்தானைக் காட்டி, ‘பொறுக்க முடியாவிட்டால் இதனை அழுத்துங்கள், இரைச்சல் நின்றுவிடும்; ஆனால் இயன்றவரை அழுத்தாதிருப்பது நல்லது’ என்றனர். பெரும்பாலோர் பொத்தானைத் தொடவேயில்லை. இரு சாராரும் கேட்ட இரைச்சலில் எவ்வித வேறுபாடும் இல்லை. ஆயினும் பின்னர் கொடுத்த வேலைகளில், பொத்தான் இருந்தவர்கள் சோர்வின்றிப் பொறுமையுடன் உழைத்தனர். பொத்தான் இல்லாதவர்கள் விரைவில் தளர்ந்து கைவிட்டனர். வேண்டுமானால் நிறுத்தலாம் என்னும் எண்ணமே இரைச்சலின் கொடுமையைக் குறைத்துவிட்டது.

நம் குடியிருப்புகளில் எழும் பூசல்களில் பெரும்பாலானவற்றின் வேர் இங்கேதான் உள்ளது. நம் வீட்டு நிச்சயதார்த்தத்தில் வாசிக்கும் நாகசுரம் நமக்கு உரத்துக் கேட்பதில்லை. அது ஏன் ஒலிக்கிறது, எப்போது முடியும் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். நிறுத்தச் சொல்லும் உரிமையும் நம்முடையது. சுவருக்கு அப்பால் தேர்வுக்குப் படிக்கும் மாணவிக்கு இம்மூன்றில் ஒன்றும் இல்லை. ‘இதைப் போய் இரைச்சல் என்கிறார்களே’ என்று நாம் வியப்பதும் பொய்யன்று. ‘தலை வெடிக்கிறது’ என்று அவள் சொல்வதும் பொய்யன்று. இருவரும் கேட்பது ஒரே ஓசையாயினும் உணர்வது வேறு.

இதுவரை கூறியவற்றிலிருந்து, எல்லாம் மனத்தின் செயல், பழகிவிட்டால் தொல்லையில்லை என்று எவரேனும் முடிவு கட்டலாம். அம்முடிவு மிகத் தீங்கானது. மனம் பழகிக்கொள்ளும், செவி பழகிக்கொள்வதில்லை. நம் உட்செவியில் நத்தை ஓடு போன்ற சுருளினுள், ஒலியை நரம்புக்கு உணர்த்தும் நுண்ணிய உரோம உயிரணுக்கள் உள்ளன. ஒரு காதில் அவை ஏறத்தாழ 15,000 இருக்கும். மடிந்துவிட்டால் அவை மீண்டும் முளைப்பதில்லை. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் 85 டெசிபல் என்பதே தொழிலாளர் செவிக்கு வல்லுநர் வகுத்துள்ள பாதுகாப்பு வரம்பு. அதற்குமேல் 3 டெசிபல் கூடுந்தோறும் பொறுக்கும் நேரம் பாதியாகிறது. 88க்கு நான்கு மணி. 94க்கு ஒரு மணி. 100க்குக் கால் மணி. விரும்பிக் கேட்கும் பாட்டாயினும் இக்கணக்கு மாறுவதில்லை. காதில் பொருத்திய ஒலிக்கருவியில் பாடல் கேட்கும் இளைஞருக்கும், ஊர்வலத்தில் தோல் அடிப்பவருக்கும் இது பொருந்தும்.

செவி மட்டுமா? நியூயார்க் நகரில் ஒரு பள்ளியின் ஒருபுறத்தை ஒட்டி, உயரத்தில் அமைந்த இருப்புப்பாதை சென்றது. அங்கே பயிலும் குழந்தைகளை ஆர்லின் பிரான்சாஃப்ட் என்னும் அம்மையார் ஆராய்ந்து, முடிவை 1975இல் வெளியிட்டார். பாதையை நோக்கிய வகுப்பறைகளில் படித்த ஆறாம் வகுப்புக் குழந்தைகள், மறுபுறத்துக் குழந்தைகளைக் காட்டிலும் வாசிப்புத் திறனில் ஏறத்தாழ ஓராண்டு பின்தங்கியிருந்தனர். பின்னர் தண்டவாளத்துக்கு அடியில் இரப்பர்த் தகடுகள் இட்டு, வகுப்பறைக் கூரையிலும் ஒலியை உறிஞ்சும் தகடுகள் அமைத்தனர். அதன்பின் அவ்வேறுபாடு மறைந்ததாக அவரே 1981இல் அறிவித்தார். நெடுஞ்சாலையை நோக்கிய சன்னலருகே நம் குழந்தையைப் படிக்க உட்கார வைக்கும்போது, இச்செய்தி நம் நினைவில் இருக்கத்தக்கது.

இதனாலேயே சட்டம் மனத்தை நம்பாமல் கருவியை நம்புகிறது. இந்திய அரசு 2000ஆம் ஆண்டில் வகுத்த ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகல் வரம்பு 55 டெசிபல். இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலம். அங்கே 50, 40. ஒலிபெருக்கியை இரவு பத்து மணிக்கு மேல் திறந்தவெளியில் பயன்படுத்தலாகாது. ஆண்டில் பதினைந்து நாளுக்கு மேற்படாமல், விழா நாள்களில் நள்ளிரவு வரை மாநில அரசு விலக்களிக்கலாம். 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இவ்விதிகளை வலியுறுத்திற்று. நமக்கு அண்மையிலுள்ள குர்லாவைச் சேர்ந்த குடியிருப்போர் தொடுத்த வழக்கில், 2025 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம், ஒலிபெருக்கி எந்தச் சமயத்துக்கும் இன்றியமையாத கூறு ஆகாது என்று தீர்ப்பளித்தது.

ஆயினும் கருவியும் முழுச் சான்றாகாது. பிளெட்சர், மன்சன் என்னும் இருவர் 1933இல் காட்டியவாறு, தாழ்ந்த சுருதியுள்ள ஒலி அதே ஆற்றலுள்ள நடுத்தரச் சுருதியைவிட நம் செவிக்கு மெலிந்து கேட்கிறது. ஆகவே சட்டத்தில் வழங்கும் அளவுமுறை தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தே மதிப்பிடுகிறது. ஆனால் பெரிய பறைகளின் அதிர்வும், ஒலிபெருக்கியின் கீழ்ச்சுருதி முழக்கமும் சுவரை எளிதில் ஊடுருவி வருகின்றன. சன்னல் கண்ணாடி நடுங்கும். கருவியோ அத்துணை வன்மையில்லை என்று சொல்லும்.

எனவே நமக்கு இரண்டு அளவுகோல்கள் வேண்டும். செவியைக் காக்கக் கருவியும் கடிகாரமும் வேண்டும். அங்கே ‘எனக்குப் பழகிவிட்டது’ என்பது செல்லாது. மனத்தைக் காக்க அண்டை வீட்டாரின் சொல் வேண்டும். அங்கே ‘எனக்கு இனிக்கிறது’ என்பது செல்லாது. வீட்டில் விசேஷமென்றால், முதல் நாளே மேல்மாடி, கீழ்மாடி வீடுகளுக்குச் சென்று, இத்தனை மணிக்குத் தொடங்கும், இத்தனை மணிக்கு முடியும், இடையூறாக இருந்தால் சொல்லியனுப்புங்கள் என்று கூறி வருவது மிக எளிய செயல். கிளாஸும் சிங்கரும் கொடுத்த பொத்தானை நாம் நம் அண்டை வீட்டார் கையில் கொடுத்துவிட்டோம் என்பது அதன் பொருள். பெரும்பாலும் அவர்கள் அதனை அழுத்தமாட்டார்கள். அழுத்தினால், அப்போதே ஒலியைக் குறைப்பது நம் கடமை. அவர்கள் வீட்டு விழாவன்று அதே உரிமை நமக்கும் கிடைக்கும்.

பிற மாநிலத்தில் வாழும் நமக்கு இதில் மற்றொரு நன்மையும் உண்டு. நம் நாகசுரம் எதற்காக ஒலிக்கிறது என்று அண்டை வீட்டு மராத்தியர் அறிந்துவிட்டால், அவர் காதில் அது பாதியாகத் தணியும். அவர் வீட்டு ஆரத்தியும், வங்காளியர் வீட்டுச் சங்கும் எதற்காக என்று நாம் அறிந்துவிட்டால், நமக்கும் அவ்வாறே தணியும். பாட்டியாரை ஒருநாள் அந்தியில் அந்த வங்காளியர் வீட்டுக்கு அழைத்துச் சென்று, விளக்கேற்றிச் சங்கு ஊதுவதைக் காணச் செய்தால் போதும். மறுநாள் அவ்வோசை கேட்டதும் திடுக்கிடாமல், நம் வீட்டிலும் விளக்கேற்றச் சொல்வார்.